வண்டி எதன் மேல் நிற்கிறது: பின்பக்க ஸ்பிரிங்கை வீட்டு முற்றத்தில் மாற்றிய அனுபவம்

தூத்துக்குடியில் கார் வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டுக் கார் 2012இல் வாங்கிய பெட்ரோல் ஹாட்ச்பேக். வெளிப்புறத்தை வாரந்தோறும் துடைத்துப் பார்த்துக்கொண்ட நான், அடிப்புறத்தைக் குனிந்து பார்த்ததே இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவான அந்தப் பெருமழையின்போது, எங்கள் தெருவில் தண்ணீர் வடிய மூன்று நாட்கள் ஆயின. கார் அதுவரை சக்கரத்தின் பாதி உயரம் மூழ்கி நின்றது. தண்ணீர் வடிந்ததும் தரைவிரிப்புகளைக் காயவைத்தோம், பிரேக்கைப் பிரித்துச் சுத்தம் செய்தோம், எண்ணெய்களை மாற்றினோம். பின்பக்க ஸ்பிரிங்குகள் உட்காரும் கிண்ணத்தில் சேறு தங்கியிருக்கும் என்று எனக்கும் தோன்றவில்லை, வேலை செய்த மெக்கானிக்குக்கும் தோன்றவில்லை.

ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கழித்து, குடும்பத்தோடு திருச்செந்தூர் போய்விட்டுத் திரும்பும்போது, ஆறுமுகநேரி தாண்டி ஒரு வேகத்தடையில் இறங்கியதும் பின்னால் இடதுபுறத்திலிருந்து 'டொக்' என்று ஓர் ஓசை வந்தது. அதன்பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் அது வந்தது. முதலில் ஷாக் அப்சார்பர் போய்விட்டது என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் பின்னால் சத்தம் வந்தால் எல்லோரும் முதலில் சொல்வது அதைத்தான். மறுநாள் காலையில் சற்றுத் தள்ளி நின்று வண்டியைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் இடதுபக்கம் தாழ்ந்திருப்பது கண்ணில் பட்டது.

கண் ஏமாற்றும் என்பதால் அளந்து பார்த்தேன். இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நான்கு டயர்களிலும் காற்றைச் சரியாக வைத்து, உள்ளே இருக்கும் சுமைகளை எல்லாம் இறக்கிவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து அதற்கு நேர்மேலே உள்ள மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் கணக்கில் கலந்துவிடும். எனக்குப் பின்பக்கம் வலதில் 35.8 சென்டிமீட்டரும் இடதில் 34 சென்டிமீட்டரும் வந்தன. ஷாக் அப்சார்பர் பழுதானால் வண்டி அதிகம் ஆடும், ஆனால் இப்படித் தாழாது. சாதாரண ஷாக் அப்சார்பர் வண்டியின் எடையைத் தாங்குவதில்லை, ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆகவே ஒரு பக்கம் தாழ்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஸ்பிரிங்கைத்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன். இடதுபக்க ஸ்பிரிங்கின் அடிச்சுற்று உடைந்து, அதற்கு மேலே உள்ள சுற்று அந்த உடைந்த துண்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. சத்தம் அங்கிருந்துதான் வந்திருக்கிறது.

வீட்டிலேயே மாற்றலாம் என்ற முடிவுக்கு நான் துணிந்து வந்ததற்குக் காரணம் என் சித்தப்பா. ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற அவர், அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "முன்பக்கமா இருந்தா தொடவே விட்டிருக்க மாட்டேன். இது பின்பக்கம், செய்யலாம்" என்றார். இந்த வேறுபாட்டை வாசகர்கள் நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகக் கோத்த ஒரே தூணாக இருக்கின்றன. அதைக் கழற்றி வெளியே எடுத்த பின்னும் ஸ்பிரிங் நெருக்கப்பட்ட நிலையிலேயே இருக்கும். அதை நெருக்கிப் பிடிக்கும் கருவி இல்லாமல் மேல் நட்டைத் திருகினால் ஆளையே கொன்றுவிடக்கூடிய விசையோடு அது பாயும். அந்த வேலையை வீட்டில் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. என் கார், ஸ்விஃப்ட், போலோ, ஐ20 போன்றவற்றின் பின்பக்கத்தில் இருப்பது டார்ஷன் பீம் அமைப்பு. இரு பக்கமும் உள்ள இரண்டு கைகளை நடுவில் ஒரு விட்டம் இணைக்கிறது, ஷாக் அப்சார்பர் தனியாக நிற்கிறது, ஸ்பிரிங் கைக்கும் வண்டியின் உடலுக்கும் நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டுக் கையை ஜாக்கியால் மெதுவாகக் கீழே இறக்கினால், ஸ்பிரிங்கின் விசை கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்து, கடைசியில் அது கையாலேயே எடுக்கும்படி தளர்ந்துவிடும்.

ஸ்பிரிங் வாங்கப் போன இடத்திலேயே ஒரு பாடம் கிடைத்தது. உடைந்தது ஒன்றுதான் என்றாலும் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பதின்மூன்று ஆண்டு தளர்ந்த ஸ்பிரிங்கும் புதிய ஸ்பிரிங்கும் ஒரே அச்சில் இருந்தால் வண்டி சாய்ந்தே நிற்கும், வளைவில் இரு பக்கமும் இரு விதமாக நடந்துகொள்ளும். ஜோடி 2,800 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் கொடுத்த ஜோடி என் வண்டியுடையது அன்று. உயரம் ஒன்றாக இருந்தது, சுற்றுகளின் எண்ணிக்கையும் ஒன்றாக இருந்தது. ஆனால் நான் முந்தின நாளே வண்டியடியில் படுத்து, உடையாத ஸ்பிரிங்கின் கம்பியை வெர்னியரால் அளந்து 11 மில்லிமீட்டர் என்று குறித்து வைத்திருந்தேன். கடையில் கிடைத்தது 12 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர்தானே என்று விட்டுவிடக் கூடாது. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து, அதாவது விட்டம் × விட்டம் × விட்டம் × விட்டம் என்ற கணக்கில், மாறுகிறது. மற்றவை எல்லாம் ஒன்றாக இருந்தாலும், 11 மில்லிமீட்டர் 12 ஆகும்போது விறைப்பு ஏறக்குறைய 42 விழுக்காடு கூடிவிடும். அதைப் போட்டிருந்தால் வெறும் வண்டியில் பின்பக்கம் கல்லின் மேல் போவதுபோல் குதித்திருக்கும். ஒரே பெயரில் வரும் காரிலேயே பெட்ரோல், டீசல், சிஎன்ஜி என்று எடைக்கேற்ப ஸ்பிரிங் மாறக்கூடும். ஆகவே வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து உதிரிபாக எண்ணைக் கேட்டு வாங்குவதே சரியான வழி. பழைய ஸ்பிரிங்கின் மேல் இருக்கும் வண்ணக் கோடுகளையும் படம் எடுத்துக்கொண்டு போவது நல்லது, ஏனென்றால் அவை அழகுக்குப் போட்டவை அல்ல, எந்த வகை ஸ்பிரிங் என்பதைக் காட்டுபவை.

ஸ்பிரிங்கோடு சேர்த்து அதன் மேலும் கீழும் உட்காரும் ரப்பர் சீட்டுகள், பம்ப் ஸ்டாப் என்னும் தடுப்பு ரப்பர்கள், ஷாக் அப்சார்பரின் கீழ் போல்ட்டும் நட்டும் இரண்டு ஜோடி ஆகியவற்றையும் வாங்கச் சொன்னார் சித்தப்பா. போல்ட் எதற்கு என்று கேட்டேன். "கடக்கரையில பதிமூணு வருசம் நின்ன போல்ட் நல்லபடியா வரும்னு நெனச்சியா?" என்றார். அந்தச் சில நூறு ரூபாய்தான் வேலை செய்த ஞாயிற்றுக்கிழமை மாலை எங்களைக் காப்பாற்றியது. பழைய போல்ட்டின் தலையில் 10.9 என்று பொறித்திருந்தது. அது போல்ட்டின் வலிமைத் தரம். ஹார்டுவேர் கடையில் எளிதாகக் கிடைக்கும் 8.8 தர போல்ட் அதே அளவில் இருந்தாலும் இந்த இடத்தில் போடக் கூடாது.

கருவிகளில் நான் புதிதாக வாங்கியவை ஒரு டிராலி ஜாக்கி, மூன்று டன் தாங்கும் ஒரு ஜோடி ஸ்டாண்ட், இரவல் வாங்கியது, நட்டைக் குறித்த அளவு விசைக்கு இறுக்க உதவும் ஒரு டார்க் ரென்ச். வேலைக்கு முந்தின இரவும் அதற்கு முந்தின இரவும், வயர் பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டுக் கீழ் போல்ட்டுகளில் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிட்டேன். இதைச் செய்யாமல் காலையில் நேரே ஸ்பானரை மாட்டுகிறவர்கள் மத்தியானத்துக்குள் போல்ட்டின் முனைகளை உருட்டிவிடுவார்கள்.

வண்டியை ஏற்றி நிறுத்துவதில்தான் நான் அதிகம் கற்றேன். சிமெண்ட் போட்ட சமதளம் வேண்டும், மண்தரையிலும் பேவர் கல் மேலும் ஸ்டாண்ட் புதையும். ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டேன், இனி வண்டி நகராது என்று நான் சொன்னபோது சித்தப்பா, "ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தப் பிடிக்கும்?" என்று கேட்டார். பின்சக்கரத்தை. அந்தப் பின்சக்கரங்களைத்தான் நாங்கள் தரையிலிருந்து தூக்கப் போகிறோம். தூக்கிய பிறகு ஹேண்ட் பிரேக்கால் பயனே இல்லை. வண்டியைப் பிடித்து நிறுத்தப்போவது முன்சக்கரங்கள் மட்டுமே. ஆகவே வண்டியை முதல் கியரில் போட்டு, இரண்டு முன்சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அடித்து இறுக்கினோம். இவ்வளவு ஆண்டுகள் கார் ஓட்டியும் இந்த எளிய உண்மை எனக்குத் தோன்றாமல் போனது உண்மையாகவே என்னைக் கலங்க வைத்தது.

அன்று முழுவதும் அவர் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருந்தார்: "மக்கா, வண்டி இப்பம் எதுமேல நிக்கி?" ஒவ்வொரு முறையும் நான் விரலால் தொட்டுக் காட்டிப் பதில் சொல்லவேண்டும். சொல்ல முடியாவிட்டால் கை வைக்கக் கூடாது. ஜாக்கியின் மேல் நிற்கிறது என்றால் அடியில் உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது, ஏனென்றால் ஜாக்கி தூக்குவதற்கான கருவியே தவிர தாங்குவதற்கானது அன்று. ஸ்டாண்டின் மேல் நிற்கிறது என்றால்தான் வேலை. சக்கர நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டு, கையேட்டில் காட்டியிருந்த இடங்களில் தூக்கி, இருபுறமும் ஸ்டாண்ட் வைத்து, வண்டியைப் பக்கவாட்டில் தள்ளி ஆட்டிப் பார்த்தோம். கழற்றிய சக்கரங்களைப் பக்கவாட்டு விளிம்புகளின் அடியில் படுக்கப் போட்டோம். ஸ்டாண்ட் வழுக்கினாலும் அடியில் இருக்கும் ஆள் நசுங்காமல் அவை தாங்கிக்கொள்ளும்.

பீமின் இடது கையின் அடியில் டிராலி ஜாக்கியையும், வலது கையின் அடியில் வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியையும் வைத்தோம். நடுவிட்டத்தின் அடியில் ஜாக்கி வைக்கக் கூடாது, அந்தத் தகடு முறுக்கத்துக்காக அமைந்தது, குத்தும் எடைக்காக அன்று. ஷாக் அப்சார்பர் லேசாக அமுங்கத் தொடங்கும் வரை மட்டும் ஏற்றினோம். அதற்கு மேல் ஏற்றினால் உடலே ஸ்டாண்டை விட்டு எழும்பிவிடும், அப்போது சித்தப்பாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்காது. இரண்டு பக்கமும் ஜாக்கி வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. டார்ஷன் பீமில் இரு கைகளும் இணைந்தே இருப்பதால், ஒரு பக்கத்து போல்ட்டை மட்டும் கழற்றினால் ஸ்பிரிங் வெளிவரும் அளவுக்குக் கை கீழே இறங்காது. இரண்டையும் கழற்ற வேண்டும், கழற்றும் நொடியில் எந்தப் பக்கமும் திடீரென்று விழுந்துவிடக் கூடாது.

வலது போல்ட் பத்து நிமிடத்தில் வந்தது. இடது போல்ட் ஒன்றரை மணி நேரம் எடுத்தது. நட்டு கழன்றுவிட்டது, ஆனால் போல்ட், ஷாக் அப்சார்பரின் கீழ்க்கண்ணில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்புக் குழாயோடு துருவால் ஒன்றிப்போய்விட்டது. ஸ்பானரால் திருப்பினால் போல்ட்டும் குழாயும் சேர்ந்து ரப்பரை முறுக்கிக்கொண்டு திரும்பின. எனக்குத் தெரிந்த ஒருவர் தொலைபேசியில், கேஸ் விளக்கால் சுட்டால் வந்துவிடும் என்றார். சித்தப்பா அதைக் கேட்கவே இல்லை. சற்று முன்னால் பின்சீட்டின் அடியில் பெட்ரோல் டாங்க் இருக்கிறது, பக்கத்திலேயே பிரேக் குழாய் போகிறது, அங்கே தீயைக் கொண்டுபோவது அறிவற்ற செயல். மறுபடி எண்ணெய் அடித்து, நட்டைப் போல்ட்டின் நுனியோடு சமமாக நிற்கும்படி திரும்ப மாட்டி, அதன் மேல் பித்தளை உளியை வைத்துச் சுத்தியலால் அடித்தோம். அடி, பின் கால் சுற்று முன்னும் பின்னும் அசைவு, மறுபடி எண்ணெய், மறுபடி அடி. கடைசியில் பழுப்புத் தூள் கொட்ட அது வெளியே வந்தபோது அதன் மரைகள் பாதி போயிருந்தன. வாங்கி வைத்திருந்த புதிய போல்ட் அங்கே உதவியது.

இறக்கும் வேலையை நான் ஜாக்கியிலும் சித்தப்பா பிரேக் ஹோஸ் அருகிலும் இருந்து செய்தோம். ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை முன்னதாகவே கழற்றிவிட்டோம். கை கீழே போகும்போது அந்த ரப்பர்க் குழாய் இழுபட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கிழியும், பிறகு எப்போதாவது ஓர் அவசர நிறுத்தத்தின்போது பிரேக் ஏமாற்றும். ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு) உள்ள வண்டியில் சக்கர சென்சாரின் வயரையும் இவ்வாறே பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஸ்பிரிங்கின் நடுவிலும் ஒரு கனத்த நைலான் கயிற்றை விட்டு உடலின் கொக்கியில் கட்டியிருந்தோம். இடது, வலது என்று மாற்றி மாற்றி ஒவ்வொரு விரற்கடையாக இறக்க இறக்க, ஸ்பிரிங்கின் சுற்றுகள் விரிந்து, அதன் தலை உடலை விட்டு மெல்ல விலகியது. எந்தச் சத்தமும் இல்லை. கையால் ஆட்டி எடுத்துவிட்டேன்.

உடைந்த துண்டு கிண்ணத்துக்குள் ஒரு விரல் கனத்துக்கு இறுகிய சேற்றில் புதைந்திருந்தது. அதைத் தோண்டி எடுத்துத் துடைத்து வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த முகத்தில் இரண்டு நிறங்கள் இருந்தன. வெளிவிளிம்பில் ஒரு சிறுபிறை அளவுக்கு அடர்பழுப்பாக, பழைய துரு படிந்து மழுங்கியிருந்தது. மீதிப் பகுதி உடைத்த வெல்லக்கட்டியின் முகம்போல் பொடிப்பொடியாக, சாம்பல் நிறத்தில் பளபளத்தது. பழுப்புப் பிறை இருந்த இடத்தில்தான் விரிசல் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்கிறது, மீதி அந்த வேகத்தடையில் ஒரே நொடியில் முறிந்திருக்கிறது. கல் பட்டு மேல்பூச்சு உரிந்த இடத்தில், ஈரமும் உப்பும் சேறாகத் தேங்கி, ஊசிமுனை அளவு குழியை அரித்திருக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் முறுக்கப்படும் கம்பிக்கு அந்தக் குழியே விரிசலின் தொடக்கம். பெரும்பாலான ஸ்பிரிங்குகள் அடிச்சுற்றில் உடைவதற்கு இதுதான் காரணம். அந்தச் சேற்றை 2023 டிசம்பரிலேயே தண்ணீர் பீய்ச்சிக் கழுவியிருந்தால் போதும் என்று நினைக்கையில் இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது. கடற்கரை ஊரிலும் வெள்ளம் புகுந்த ஊரிலும் இருப்பவர்கள் ஆண்டுக்கு இருமுறையாவது, மழைக்காலம் முடிந்ததும் கட்டாயமாக, அந்தக் கிண்ணத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். அதன் அடியில் இருக்கும் வடிதுளை அடைபட்டிருந்தால் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள்.

கிண்ணத்தைச் சுரண்டித் துருத்தடுப்புப் பெயிண்ட் அடித்துக் காயவிட்டு, புதிய ரப்பர்களோடு ஸ்பிரிங்கை ஏற்றினோம். இந்த இடத்தில் நான் ஒரு பிழை செய்தேன். கீழ் ரப்பர் சீட்டில் ஒரு படி இருக்கிறது, ஸ்பிரிங்கின் அடிமுனை அந்தப் படியில் முட்டி நிற்க வேண்டும். வலதுபக்கம் நான் வைத்தபோது முனை படிக்கு இரண்டு விரல் தள்ளி நின்றது, ஜாக்கியை ஏற்றினால் தானாகத் திரும்பி உட்கார்ந்துவிடும் என்று எண்ணி ஏற்றிவிட்டேன். அது திரும்பவில்லை. எடை ஏறிய ஸ்பிரிங்கைக் கையால் திருப்பவும் முடியாது. மறுபடி இறக்கி, முனையைப் படியில் முட்டவைத்து, சித்தப்பா கையால் பிடித்துக்கொள்ள, முதல் சுற்று கவ்வும் வரை ஏற்றி, அவர் கையை எடுத்த பிறகே மேலே போனேன். அப்படியே விட்டிருந்தால் வண்டி ஓரிரு நாளில் 'டொக்' என்று அதே சத்தத்தைப் போட்டிருக்கும், நாங்கள் மறுபடி ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்பட்டிருப்போம்.

ஷாக் அப்சார்பரின் கண் போல்ட் துளைக்கு நேராக வந்ததும் போல்ட்டுகளைக் கோத்து, நட்டுகளைக் கையால் மட்டுமே திருகிவிட்டோம். அங்கேயே இறுக்கிவிடத்தான் எல்லோருக்கும் கை துடிக்கும். ஆனால் பீமின் கை தொங்கிக்கொண்டிருக்கும் நிலையில் இறுக்கினால், புஷ்ஷின் ரப்பர் அந்தக் கோணத்திலேயே பிடிபட்டுவிடும். வண்டி தரைக்கு வந்து கை மேலே ஏறியதும் ரப்பர் எந்நேரமும் முறுக்கப்பட்டே நின்று சில மாதங்களில் கிழியும். ஆகவே சக்கரங்களை மாட்டி, இரண்டு பின்சக்கரங்களின் அடியிலும் அகலமான கனத்த பலகைகளை வைத்து, வண்டியைச் சக்கரங்களின் மேலேயே இறக்கினோம். சித்தப்பா கேட்பதற்கு முன்பே, "நாலு சக்கரத்து மேல நிக்கி சித்தப்பா" என்றேன். வண்டியைப் பின்னால் நின்று நாலைந்து முறை அமுக்கி விட்ட பிறகு, பம்பரின் பின்னாலிருந்து கையை நீட்டி, கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரென்ச்சால் இறுக்கினேன். சக்கர நட்டுகளுக்கு என் கையேட்டில் உள்ள அளவு 85 நியூட்டன் மீட்டர். இரண்டு மணி நேரத்தில் பட்டறையில் முடியும் வேலை எங்களுக்குக் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து வரை ஆனது.

அன்று மாலை அளந்தபோது இடதில் 37.2, வலதில் 37 சென்டிமீட்டர் இருந்தது. புதிய ஸ்பிரிங் முதலில் சற்று உயரமாக நின்று பிறகு படியும். பின்பக்கம் தாழ்ந்திருந்த நாட்களில் முகப்பு விளக்கு மேல்நோக்கிப் பாய்ந்து எதிரே வருபவர்களின் கண்ணைக் கூசச் செய்திருக்க வேண்டும், அதைச் சொல்லியிருந்த ஒரு லாரி ஓட்டுநரின் கோபம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. சுவரில் வெளிச்சத்தை அடித்துப் பார்த்து விளக்கின் உயரத்தைச் சரிசெய்தோம். ஏபிஎஸ் இல்லாத பல பழைய கார்களில், பின்அச்சின் உயரத்தைக் கொண்டு பின்பக்க பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஒரு வால்வு இருக்கும். அப்படிப்பட்ட வண்டி என்றால், உயரம் மாறிய பின் அந்த வால்வின் கம்பியையும் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிட வேண்டும். மறுநாள் வீல் அலைன்மென்ட் பார்த்தேன்.

நூறு கிலோமீட்டர் ஓடியதும் எல்லா நட்டுகளையும் டார்க் ரென்ச்சால் மறுபடி தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் அசையவில்லை. ஒரு மாதம் கழித்து அளந்தபோது இடதில் 36.6, வலதில் 36.5. அந்த எண்களைத் தேதியோடு ஒரு தாளில் எழுதி, டாஷ்போர்டு பெட்டிக்குள் சர்வீஸ் புத்தகத்தின் முதல் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடுத்த அளவு மழைக்காலம் முடிந்து, கிண்ணங்களைக் கழுவும் நாளில்.